சாவு அடி இல்லாத கடைசிப் பாட்டு

எங்கள் பாட்டு ஆல்பத்துக்கு வெளியிலிருந்து ஒரு ஓசையும் எடுப்பதில்லை என்று வாய்ச்சவடால் விட்டது நான்தான். ராப் பாட்டுகள்தான். ஆனால் பீட் எல்லாம் றக்வானைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காதில் விழுகிறவை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் தொட்டில் கிறீச்சில் முதல் பாட்டு தொடங்கும். பிறகு தேயிலை அரைக்கும் மெஷினின் உறுமல், நாங்கள் குடியிருக்கும் லயத்தின் தகரக் கூரையில் மழை, வளைவில் பஸ் அடிக்கும் ஹோர்ன். ஒரு பெண்ணின் ஆயுள் முழுவதும் ஒரே பகலாக ஓடி, கடைசிப் பாட்டு சாவு மேளத்தில் முடிய வேண்டும். அதுதான் திட்டம்.

அப்பா தோட்டத்தில் தப்பு மேளம் அடிப்பவர். திருவிழா அடி கேட்டபோது குஷியாக அடித்துக் கொடுத்தார். சாவு அடி என்றதும் தப்பைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிவிட்டார்.

"ஆள் போகாம அந்த அடி அடிக்கக் கூடாதுடா. சும்மா அடிச்சா அது ஒரு உசுரக் கேக்கும்."

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் இணையத்தில் கிடைக்கும் வேறு ஊர் அடியைப் போட மனம் வரவில்லை; விட்ட சவடால் அப்படி. பாட்டுகளைக் கலந்து கொடுக்கும் இரத்தினபுரி சிங்கள நண்பன் போன் எடுக்கும்போதெல்லாம், "மச்சான், அந்திம சிந்துவ கோ?" என்பான். கடைசிப் பாட்டு எங்கே என்று. அதற்கு இங்கே யாராவது சாக வேண்டும் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

அந்த நேரம் பார்த்து, லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராப் பெரியம்மாவுக்கு மூச்சிழுப்பு கூடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மாவோடு கொழுந்து பறித்தவர். எனக்கு எத்தனையோ தடவை சோறு போட்டவர். தினமும் போய் அவர் மகளிடம் விசாரித்தேன். டாக்டர் என்ன சொன்னார், மூச்சு எப்படி இருக்கிறது?

"ஒங்களுக்கு இருக்கிற பாசம் எங்க சொந்தத்துக்கே இல்லங்க" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் விசாரிப்பது பெரியம்மாவுக்காகவா, பாட்டுக்காகவா? வீட்டுக்கு வந்தால், மேளத்தைப் பதிவு பண்ணப் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று கை தானாகப் பார்க்கிறது. என் மேல் எனக்கே பயம் வந்துவிட்டது.

பெரியம்மா பிழைத்து வந்தார். த்ரீவீலரிலிருந்து அவர் இறங்கியதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான். ஆனால் அதற்கு அடியில் ஒரு சின்ன ஏமாற்றமும் கிடந்தது.

மறுநாள் பெரியம்மா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

"என்னமோ பாட்டுக் கட்டுறியாமே, போடு கேப்போம்."

போனைக் காதோடு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். தொட்டில் சத்தத்துக்குச் சிரித்தார். மெஷின் சத்தத்துக்குத் தலையை ஆட்டினார். ஓரிடத்தில் பாட்டு நின்றுபோனது.

"அவ்வளவுதானா? பொறந்த புள்ள வேலைக்குப் போயி, கெழவியும் ஆயிருச்சு. பொறகு?"

"கடைசிப் பாட்டு இன்னும் முடியல பெரியம்மா."

"வெரசா முடிடா. நா இருக்கையிலேயே கேட்டுறணும்."