அருணாசலம் சேரின் முகமும் என் சிரிப்பும்

அருணாசலம் சேர் காலமான செய்தி வந்தபோது நான் ஹட்டனில் கொட்டகலை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பாடசாலை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவருடைய படத்தைப் போட்டு, ‘மாரடைப்பு. இன்று காலை, பொகவந்தலாவையில், வீட்டில்’ என்று எழுதியிருந்தார்கள். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது தோளில் இன்னொருவரின் கை பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது. அது அவருடைய மகள் கவிப்ரியாவின் கை. அந்தப் படத்தை எடுத்தவன் நான்.

அவரைப் பற்றி எழுதும்படி நண்பர்கள் கேட்டபோது நான் தயங்கியதும் அந்தப் படத்தால்தான். அதன் முழு வடிவத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிரித்தும் இருப்பீர்கள். முதலில் போட்டது யார் என்பது மறந்திருக்கலாம்.

அருணாசலம் சேருக்குப் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் ஒருவரின் முகம். நடிகரின் பெயர் இங்கே வேண்டாம். சேரைப் பார்த்தவர்களுக்கு அது தேவையும் இல்லை. உருண்டைக் கண்கள், அகன்ற மூக்கு, பேசத் தொடங்குமுன் ஒரு பக்கமாகக் கோணும் வாய், எல்லாம் அப்படியே. எங்கள் பாடசாலைக்குக் கணிதம் கற்பிக்க மாற்றலாகி வந்த முதல் நாள், அவர் பத்தாம் வகுப்புக்குள் நுழைந்ததுமே பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த அறையில் தமிழ்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு இடைத் தட்டிக்கு மேலால் எல்லாம் கேட்டது. சிரிப்பு ஓயும்வரை அவர் காத்திருந்தார். பிறகு சொன்னார்: “சிரிச்சு முடிச்சிட்டீங்களா? இப்பக் கொப்பிய எடுங்க. மிச்சத்த இண்டர்வலுக்கு வச்சுக்குவோம்.” அதற்குப் பிறகு அந்த வகுப்பு அவர் சொன்னதைக் கேட்டது.

ஒருமுறை நாங்கள் இருவரும் வந்த பஸ்ஸை வீதிச் சோதனைக்கு நிறுத்தினார்கள். ஏறி வந்த சிங்களப் பொலிஸ்காரர் அவரைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்து, பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். “பாத்தீங்களா சேர், அடையாள அட்டைய காட்டச் சொல்லல. மூஞ்சியே போதும்னுட்டாங்க” என்றார் இவர்.

அந்த முகம் அவரோடு தொடங்கியதல்ல. வீட்டில் மாட்டியிருந்த அவருடைய தகப்பனாரின் படத்திலும் அதே முகம். “எங்கப்பா சாகும்போது அந்த நடிகரு சினிமாவுக்கே வரல. அப்ப யாரு யார மாதிரி சேர்?” என்று கேட்பார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அவருடைய தங்கை ராமாயிக்கும் அதே முகம். கவிப்ரியாவுக்கும் அப்படியே இறங்கியிருந்தது. வீட்டுக்குள் அவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அத்தை நடிகரைப்போல் வாயைக் கோணுவார், மருமகள் கண்ணை உருட்டுவாள். அவர்கள் தங்களுக்குள் சிரித்ததை எனக்குக் கொடுத்த அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

கவிப்ரியா உயர்தரப் பரீட்சையில் சிறப்பாகத் தேறி, அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போகும் முதல் பிள்ளையானாள். ஆசிரியர்கள் நாலைந்து பேர் கேக் வாங்கிக்கொண்டு போனோம். தகப்பன், அத்தை, மகள் மூவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் படமெடுத்தேன். திரும்பி வரும் பஸ்ஸில், அவர்களுக்குப் பக்கத்தில் நடிகரின் படத்தை ஒட்டி, கீழே இப்படி எழுதினேன்: ‘நாலு பேர், ஒரே அச்சு. இந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேட வேண்டாம், ஹீரோயின் தேடுங்கள்.’ அதை என் முகநூலில் போட்டேன். அவளுடைய பெறுபேற்றைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் அது யார் யாருடைய பக்கங்களிலோ ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை ஆசிரியர் அறையில் அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“சேர், அந்தப் படத்த எடுத்துருங்க. புள்ள நேத்துலேருந்து சாப்புடல.”

“சும்மா தமாசுக்குத்தானே சேர். நீங்களே சிரிப்பீங்கன்னு நெனச்சேன்.”

“எம்மூஞ்சிய வச்சு என்ன வேணும்னாலும் பண்ணுங்க. எனக்குப் பழகிப்போச்சு. அவளுக்குப் பத்தொம்பது வயசு சேர்.”

அவர் முன்னாலேயே அழித்தேன். “எடுத்தாச்சு” என்றேன், ஏதோ உதவி செய்தவனைப்போல. அவர் “நல்லதுங்க” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். என் பக்கத்தில் அழிந்ததே தவிர, மற்றவர்களின் தொலைபேசிகளில் அது இருந்தது.

பாடசாலையில் கவிப்ரியாவுக்கு ஏற்பாடு செய்த பாராட்டு விழாவுக்கு அவள் வரவில்லை. பல்கலைக்கழகம் தொடங்கி இரண்டு மாதத்தில் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் அருணாசலம் சேர், “ரெண்டு நாளு லீவு போடுறேன் சேர், எட்டாம் வகுப்பக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?” என்று கேட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. திரும்பி வந்தவர், “புள்ள மறுபடி போயிட்டா சேர்” என்றார். எப்படி என்றும் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு என்னிடம் வந்து நிற்கும். அவரோ, இடைவேளையில் தன் பிளாஸ்க்கிலிருந்து எனக்கும் தேத்தண்ணி ஊற்றும் வழக்கத்தை ஒரு நாளும் விடவில்லை. நானும் வாங்கிக் குடித்தேன்.

மரண வீட்டில் ராமாயி அக்கா அண்ணனின் காலடியில் உட்கார்ந்திருந்தார். அந்த முகம் அழுவதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அத்தனை வருடங்களில் அந்த முகத்துக்கு அழுகை உண்டு என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை.

கவிப்ரியாவுக்கு இது கடைசி வருடம். கொல்லைப்பக்கம் தனியாக நின்றிருந்தவளிடம் போய், “அன்னைக்கு நான் போட்ட அந்தப் படம்…” என்று தொடங்கினேன். முடிக்குமுன் அவளே பேசினாள்.

“அங்க சீனியர்ஸ் தினமும் என்னக் கூப்புட்டு அந்த நடிகர் மாதிரி பேசச் சொல்லுவாங்க சேர். ஃபோன்ல படத்த வச்சுக்கிட்டு. முடியாமத்தான் வந்துட்டேன். அப்பா என்னக் கூட்டிக்கிட்டுத் திரும்பப் போனாங்க. விடுதி வாசல்ல அந்த சீனியர்ஸ் எல்லாரும் நின்னாங்க. அப்பாவப் பாத்ததும் ஒரே சிரிப்பு. அப்பா பையக் கீழ வச்சிட்டு, அந்த நடிகர் மாதிரியே வாயக் கோணி, அவரு வசனத்த ஒண்ணுவிடாமப் பேசிக் காட்டுனாங்க. கை தட்டுனாங்க எல்லாரும். அப்பறம் அப்பா சொன்னாங்க, ‘சிரிச்சாச்சுல்ல? சிரிக்கணும்னா என்னக் கூப்புடுங்க, எந்நேரமானாலும் வர்றேன். இவ படிக்க வந்திருக்கா.’ அதுக்கப்பறம் யாரும் என்னக் கூப்புடல.”

“அவர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியேம்மா” என்றேன்.

“நீங்க கேக்கலன்னு சொன்னாங்க.”

நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

“நான் எப்பவோ மறந்துட்டேன் சேர். நீங்க அப்பாகிட்ட கேட்டிருக்கலாம்.”

உள்ளே அவளைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

அவரைத் தெரிந்தவர்கள் அவருடைய கணக்கை நினைப்பீர்கள், பொறுமையை நினைப்பீர்கள், அந்த முகத்தை நினைத்துப் புன்னகையும் செய்வீர்கள். அவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியிருப்பது, நான் கேட்காமல் விட்ட மன்னிப்பு. அந்தப் படத்துக்குப் பிறகும் நான்கு வருடம் அவர் எனக்குப் பக்கத்து மேசையில்தான் இருந்தார்.