பக்கத்துக் கடை டிவியில் என் முகம்

யட்டியாந்தோட்டை பஸாரில் எனக்கு ஒரு போட்டோகொப்பிக் கடை இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இங்கே எல்லோருக்கும் நான் ‘கிளாக்கர் ஐயா’. பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. நடுவில் பலகைச் சுவர் மட்டும்தான்.

நான் வைஃபை போட்ட வாரம், சாப்பாட்டுக் கடைத் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். பாஸ்வேர்டைச் சொன்னேன். மறுநாள் மத்தியானம் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. பிறகு தினமும் வந்தன. ஒப்பந்தம் எதுவும் பேசவில்லை. அவர் அனுப்பினார், நான் சாப்பிட்டேன்.

டிவியும் சேர்ந்தே வாங்கினோம். இரண்டாக எடுத்தால் விலை குறைப்பார்கள் என்பது அவருடைய யோசனை. ஒரே கம்பெனி, ஒரே அளவு. சுவரில் மாட்டி என் வைஃபையில் சேர்த்ததோடு சரி. இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

கட்டாரில் இருக்கும் மகள், நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அதனால் சாப்பாட்டை வீடியோ எடுத்து அனுப்புவேன். சும்மா அனுப்பினால் பதில் வராது. கொஞ்சம் நக்கல் சேர்த்தால் சிரித்துப் பதில் போடுவாள். அந்தச் சிரிப்புக்காக நக்கல் கூடிக்கொண்டே போனது.

அன்று தோட்டங்களில் சம்பளம் போட்ட நாள். பஸார் நிறைய ஆள். எடுத்த வீடியோவை அனுப்பும் முன் டிவியில் பெரிதாக ஒரு தடவை பார்க்க ஆசைப்பட்டேன். போனில் டிவி அடையாளத்தைத் தட்டினால் ஒரே பெயர் இரண்டு வரியில் வந்தது. மேலே இருந்ததைத் தொட்டேன். என் டிவி கறுப்பாகவே இருந்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் என் குரல் கேட்டது.

“பாருங்க மகள், இதுக்குப் பேரு ரொட்டியாம். லொறி டயருக்கு ஒட்டுப் போடலாம். தம்பியோட சம்சாரம் கையை ஒடைச்சிக்கிட்டதில இருந்து இவருதான் சம்பல் இடிக்கிறாரு. உப்பு இருந்தா உறைப்பு இல்ல, உறைப்பு இருந்தா உப்பு இல்ல. அந்தம்மா கை கூடுற வரைக்கும் ஒங்க அப்பா நாக்குக்கு லீவுதான்.”

போனில் நிறுத்தியிருக்கலாம். நானோ பதறிப்போய்ப் போனை மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். அங்கே சுவர் முழுக்க என் முகம், வாயில் ரொட்டியோடு. தம்பி மாவுக் கையோடு ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். கைக்கட்டோடு அவருடைய சம்சாரம் காசு மேசையில் உட்கார்ந்திருந்தார். கை ஒடிந்த பிறகு அவர் கடைக்கு வந்தது அன்றுதான். டிவியில் இருந்த என்னையும் வாசலில் நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மஹத்தயா, டயர் தெகக்!” என்று பஸ் கண்டக்டர் ஒருவர் சிங்களத்தில் இரண்டு டயருக்கு ஆர்டர் சொன்னார். கடையே சிரித்தது. அதைக்கூடத் தாங்கியிருப்பேன். பார்சலுக்குச் சொல்லியிருந்த ஒரு குடும்பம், வேண்டாம் என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்கு நடந்தது. அதைத் தம்பி பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் சாப்பாடு வராது என்று நினைத்தேன். வந்தது. முன்பெல்லாம் கொண்டுவந்தால் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் போவார். இப்போது வைத்துவிட்டுத் திரும்பினார். ஒரு வாரம் இப்படியே போயிற்று. அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். கண்டக்டர் மட்டும் என் கடையைத் தாண்டும்போதெல்லாம் டயரில் காற்று இருக்கிறதா என்று விசாரித்தார்.

ஒரு காலையில் கடை திறக்குமுன் போய் நின்றேன்.

“தம்பி, நான் சொன்னது தப்பு. ஒங்க சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டே சொன்னது அதைவிடத் தப்பு.”

அவர் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“வைஃபையைப் பிரிச்சிக்குவோம். ஒங்களுக்குத் தனியாப் போட்டுத் தாறேன்.”

உள்ளேயிருந்து அவருடைய சம்சாரம் பதில் சொன்னார். “வேணாங்கய்யா. பிரிச்சிட்டா எங்களைப் பத்தி நீங்க என்ன பேசுறீங்கன்னு நாங்க எப்படித் தெரிஞ்சிக்கிறது?”

தம்பியின் தோள் குலுங்கியது. சிரிப்பு என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

அந்தக் குடும்பம் இன்றைக்கும் எதிர்க்கடையில்தான் சாப்பிடுகிறது. சம்பள நாளில் அவர்கள் பிள்ளைகளோடு இந்த வாசலைத் தாண்டிப் போகும்போது நான் தலையைக் குனிந்து கொப்பி மெஷினில் எதையோ சரிபார்க்கிறேன். அதை என்னால் எந்த வீடியோவிலும் திருத்த முடியாது.

அந்தக் காலையில் தம்பி கரண்டி நுனியில் சம்பலை எடுத்து நீட்டினார்.

“உப்புப் பாருங்க.”

“உண்மையைச் சொல்லலாமா?”

“சொல்லுங்க. மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க, டிவியில வேணாம்.”

கொஞ்சம் கம்மி என்றேன். போட்டார்.