மிச்ச இருபத்தைந்தை யார் தின்றது?

கணினித் திரையின் வலது கீழ் மூலையில் இரண்டு குட்டிக் கணினிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்று மாறி மாறி மினுங்கும். தொலைபேசி லைனில் இணையத்துக்குப் போன காலத்து ஆட்களுக்கு அது மறந்திருக்காது. அதன்மேல் மவுசைக் கொண்டுபோய் வைத்தால் ஒரு சின்னப் பட்டி விரியும். லைன் என்ன வேகத்தில் கிடைத்திருக்கிறது என்று அதில் ஓர் இலக்கம் இருக்கும். எங்கள் கடையில் அது அநேகமாக இருபத்தெட்டு. அந்த இருபத்தெட்டால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

சமாதான காலம் என்று நாங்கள் சொல்லுகிற, சண்டை நின்றிருந்த அந்தச் சில வருடங்களில், ஊர்காவற்றுறையில் நான் ஒரு கொமினிக்கேசன் நடத்தினேன். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கிற கடைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். உள்ளே நின்று கோல் கதைக்க ஒரு கண்ணாடிக் கூடு, ஒரு போட்டோக்கொப்பி மெசின், பிறகு கடன்பட்டு வாங்கிய ஒரு கணினி. தொலைபேசி லைன் மட்டும் ஒன்றே ஒன்று. கணினி இணையத்தில் நிற்கும்போது கோல் எடுக்க ஏலாது. யாராவது தெரியாத்தனமாக ரிசீவரைத் தூக்கினால் இணையம் அறுந்துவிடும். வந்துகொண்டிருந்தது பாதியில் போய், முதலிலிருந்து தொடங்கவேண்டும். நான் கத்துகிற கத்தில் சந்தையடியில் நிற்கிற ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

என்னோடு சரிக்குச் சரி கத்தக்கூடிய ஒரேயொரு வாடிக்கையாளர் சம்மாட்டியார்தான். சொந்தமாகப் படகும் வலையும் வைத்து ஆட்களைக் கடலுக்கு அனுப்புகிறவரை நாங்கள் சம்மாட்டியார் என்போம். அவருக்கு முழங்கால் பிசகிய பிறகு கடல் மகனிடம் போய்விட்டது, வாய் மட்டும் அவரிடமே இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் வெள்ளைச் சேட்டோடு நேரே கடைக்கு வருவார். பாரிசில் இருக்கிற மகள் பேரப்பிள்ளையின் படங்களை ஈமெயிலில் அனுப்பியிருப்பாள். கதிரையை இழுத்து என் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, படம் இறங்குகிற பெட்டியைப் பார்த்தபடி இருப்பார்.

அந்தப் பெட்டியில்தான் வில்லங்கம். மூலையில் இருபத்தெட்டு என்று காட்டுகிற லைன், படம் இறங்கும்போது மூன்று என்று காட்டும். சில நாள் மூன்றரை. நல்ல நாளிலும் நாலைத் தொடாது.

"இஞ்ச பாரும் பிள்ளை. மூலையில இருபத்தெட்டு எண்டு எழுதிக் கிடக்கு. இதில மூண்டுதான் ஓடுது. மிச்ச இருபத்தஞ்சை ஆர் திண்டது?"

கடையில் வரிசையில் நிற்கிற சனம் முழுக்கச் சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிமிடக் கணக்கில் காசு வாங்குகிற கடையில் வேகத்தை நான் ஒளித்து வைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அது பகிடி அல்ல, பெயர்க்கேடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டோக்கொப்பிக் கடதாசியொன்றை எடுத்து எழுதிக் காட்டினேன். லைன்காரன் சொல்லுகிறது கிலோபிட். படத்தின் பருமனையும் படம் இறங்குகிற வேகத்தையும் கணினி சொல்லுகிறது கிலோபைட்டில். எட்டுப் பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே இருபத்தெட்டை எட்டால் பிரிக்கவேண்டும், மூன்றரை வரும். வழியில் கொஞ்சம் சிந்துப்பட்டு மூன்று கைக்கு வரும். யாரும் எதையும் தின்னவில்லை. ஒரு கிலோவுக்கு ஆயிரமா, ஆயிரத்து இருபத்துநாலா என்ற சண்டைக்கு நான் போகவேயில்லை. அவருக்கு எட்டே போதும் என்று விட்டுவிட்டேன்.

கடதாசியைத் தூரப் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆறடி ஒரு பாகம். கடலில ஆழத்தைப் பாகத்திலதான் சொல்லவேணும். அடியில சொல்லுறவன் புளுகன். நாலு பாகத் தண்ணியில நிண்டுகொண்டு இருபத்துநாலடி எண்டு சொன்னா, கரையில இருக்கிறவள் பயந்து போவாள், அவ்வளவுதான். உங்கட லைன்காரனும் அப்பிடியோ?"

"ஓம் சம்மாட்டியார், அப்பிடித்தான்!" என்று நான் துள்ளாத குறை. விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு வந்து கதிரையை இழுத்துப் போட்டார். "என்ன பிள்ளை, இண்டைக்கும் இருபத்தஞ்சைத் திண்டிட்டீரோ?" என்றார். விசர் பிடிக்காதா மனுசருக்கு?

இப்போது நான் யாழ்ப்பாண நகரத்தில் இருக்கிறேன். இணையம் கண்ணாடி இழையில் வீட்டுக்குள் வருகிறது. கனடாவிலிருந்து அனுப்புகிற கலியாண வீடியோ நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போடுவதற்குள் வந்து நிற்கிறது. கொம்பனிப் பெடியன் வந்து நூறு என்று விளம்பரக் கடதாசியை நீட்டினால், பன்னிரண்டரை என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும். அவன் ஒருமாதிரிப் பார்ப்பான். நூறு மெகாபிட் என்றால் பன்னிரண்டரை மெகாபைட் தம்பி, சும்மா சொன்னேன் என்று சமாளித்து அனுப்புவேன். காத்திருப்பு என்ற சொல்லுக்கே இப்போது பொருள் மாறிப்போய்விட்டது. அந்த நாளில் ஒரு படத்துக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கொமினிக்கேசன் காலத்தில், கொண்டல் காற்று அடிக்கிற ஒரு மாதம். சம்மாட்டியாரின் மகனும் கூடத் தொழில் செய்கிற இரண்டு பேரும் போன படகு மறுநாள் காலை கரைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஊர்ப் படகுகள் எழுவைதீவுக்கு அங்காலும் போய்த் தேடிவிட்டு வெறுமனே திரும்பின. கிழக்கிலிருந்து அடிக்கிற காற்று, எஞ்சின் நின்ற படகை இந்தியக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும் என்று ஆட்கள் சொன்னார்கள். தள்ளாமலும் விடலாம் என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தக் கடலுக்குள் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் எங்கள் ஊரில் ஏற்கெனவே நிறைய இருந்தன. நான் கடையைத் திறந்து வைத்திருந்தேனே தவிர, ஒரு வேலையும் ஓடவில்லை. அந்த மனுசன் வந்து என்னைக் கள்ளி என்று சொன்னாலும் பரவாயில்லை என்றிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் பங்குச் சுவாமியார் கடைக்குள் ஓடி வந்தார். பின்னால் சம்மாட்டியார், அவருடைய மனைவி, அவர்களோடு அரைவாசி ஊர். அக்கரையில், இந்தியப் பக்கத்துக் கோயில் பங்கொன்றிலிருந்து மன்னார் வழியாகச் செய்தி வந்திருந்தது. எஞ்சின் பழுதாகி இழுபட்டுப் போன படகொன்றை அந்த ஊர் மீனவர்கள் கட்டியிழுத்துக் கரை சேர்த்திருக்கிறார்கள். மூன்று பேர், உயிரோடு. ஆனால் காய்ச்சல், வாய் குழறுகிறது. அவர்கள் சொன்ன பெயர்கள் நாலு வாய் மாறி வந்ததில் ஒருவருக்கும் பொருந்தாத பெயர்களாகிவிட்டன. அதே கிழமை மன்னார்ப் பக்கத்துப் படகொன்றும் மூன்று பேரோடு காணாமற் போயிருந்தது. எந்தப் படகு, யாருடைய பிள்ளைகள் என்று தெரியவில்லை. அதனால் அங்கத்தைய சுவாமியார் மூன்று பேரையும் படமெடுத்து ஈமெயிலில் அனுப்பியிருந்தார்.

லைன் முதல் தரமே கிடைத்தது, மாதா கிருபை. இருபத்தெட்டு. அக்கரையிலிருந்து வந்த ஈமெயிலைத் திறந்து படத்தை இறக்கப் போட்டேன். பருமன் ஆயிரத்து இருநூறு கிலோபைட். எங்கள் சுவாமியார் என் தோளுக்கு மேலால் இரண்டு இலக்கங்களையும் பார்த்தார். நல்ல மனத்தோடுதான் திரும்பிச் சொன்னார்: "இருபத்தெட்டுப்படி வந்தா ஒரு நிமிசமும் செல்லாது அம்மா. இந்தா வந்திடும்."

நான் வாயைத் திறக்க முன்னமே சம்மாட்டியாரின் மனைவி செபம் சொல்லத் தொடங்கிவிட்டார். 'அருள் நிறைந்த மரியே' ஒன்று முடிந்தது. இரண்டு, மூன்று, நாலு. கூட நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நீலக் கட்டைகள் பெட்டிக்குள் ஒன்றிரண்டுதான் முளைத்திருந்தன. அந்த அம்மாவின் குரல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. பிறகு நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன்.

"வந்திட்டுது என்ன? நீர் பாத்திட்டீர். அவன் இல்லை. எனக்குக் காட்டாமல் வைச்சிருக்கிறீர்."

"இல்லை மாமி, சத்தியமா இன்னும் வரேல்லை."

"சுவாமி ஒரு நிமிசம் எண்டவர். எத்தினை நிமிசம் போச்சு? நான் கேக்கிறன். படம் அனுப்பின அந்தச் சுவாமியோட நேர நான் கதைக்கிறன்!"

சொன்னதோடு பாய்ந்து கண்ணாடிக் கூட்டுக்குள் போய் ரிசீவரில் கையை வைத்துவிட்டார். தூக்கியிருந்தால் எல்லாம் போயிருக்கும். திரும்ப லைன் எடுக்கவேண்டும், கிடைக்குமோ தெரியாது. கிடைத்தாலும் முதலிலிருந்துதான் இறங்கும். நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன். பிசகிய முழங்காலோடு சம்மாட்டியார் எப்படி அவ்வளவு கெதியாகப் போனார் என்று தெரியாது. மனைவியின் கைக்கு மேல் தன் கையை வைத்து ரிசீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சாரும். சுவாமி அடிக்கணக்குச் சொல்லிப்போட்டார். எட்டால பிரிக்கவேணும். இது மூண்டு மூண்டாத்தான் வரும். ஆயிரத்து இருநூறு வரவேணும், மூண்டு மூண்டா. ஆறேழு நிமிசம் செல்லும். வராததால அவன் இல்லையெண்டில்லை. இது இப்பிடித்தான் வாறது. எனக்குத் தெரியும். நான் ஞாயிறு ஞாயிறா இதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறனான்."

"உண்மையோ?" என்று அந்த அம்மா என்னிடம்தான் கேட்டார்.

"உண்மை மாமி. ஒரு நொடிக்கு மூண்டுதான்."

அவருடைய கையின் இறுக்கம் தளர்ந்தது. சம்மாட்டியார் கையை எடுக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே ரிசீவரைப் பிடித்தபடி கூட்டுக்குள் நின்றார்கள். திரும்பச் செபம் தொடங்கியது. இந்தமுறை ஆறுதலாக, அவசரமில்லாமல். சுவாமியாரும் தலையைக் குனிந்து சேர்ந்துகொண்டார். நான் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரைவாசி தாண்டியது. லைன் இன்னும் அறுந்துவிடலாம். முக்கால்வாசி தாண்டியது. கடைசிக் கட்டை நிரம்பிப் பெட்டி மறைந்தது. படத்தைத் திறந்தேன்.

ஒரு கோயில் விறாந்தை. ஒரு நீள மர வாங்கு. அதில் யாரோ கொடுத்த தொளதொள சேட்டுகளோடு மூன்று பேர். உதடு வெடித்து, முகம் வெயிலில் கருகி, ஆளை மட்டுக்கட்டவே ஒரு கணம் எடுத்தது. நடுவில் இருந்தவன் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு, படமெடுக்கிற ஆளை எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தான். அந்த எரிச்சல் அப்படியே தகப்பனுடையது.

"எங்கட பெடியங்கள்!" என்று முதலில் கத்தியது சுவாமியார்தான். பிறகு கடையே அதிர்ந்தது. மற்ற இரண்டு பேரின் வீட்டாரும் ஆளையாள் கட்டிப்பிடித்து அழுதார்கள். யாரோ கோயில் மணி அடிக்க ஓடினார்கள். நானும் அழுதேன், எனக்கு அதில் என்ன வெட்கம்? மன்னார்ப் படகும் மறுநாள் தானாகவே கரை சேர்ந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டபோதுதான் என் மனம் முழுக்க ஆறியது. எங்கள் ஆட்களை இங்கே கூட்டிவருவதற்குக் கிழமைக்கணக்கில் அலைச்சல். ஆனால் அலைவதற்கு ஆட்கள் இருந்தார்கள் அல்லவா, அதுவே பெரிய காரியம்.

சந்தடிக்குள் சம்மாட்டியாரைக் காணவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். கடைச் சுவரோடு சாய்ந்து, வேட்டித் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். தண்ணீர்க் கோப்பையைக் கொடுத்தேன். பாதியைக் குடித்து, மிச்சத்தால் முகத்தைக் கழுவினார்.

"பிள்ளை, ஒண்டு சொல்லுறன் கேளும். நீர் அண்டைக்கு எழுதிக் காட்டின எட்டுக்கணக்கை நான் நம்பேல்லை. இவ்வளவு நாளும் நம்பேல்லை. நீர் கெட்டிக்காரி, என்னைப் பேய்க்காட்டுறீர் எண்டுதான் நினைச்சனான்."

"பிறகு உள்ளுக்க நிண்டு அவ்வளவு உறுதியாச் சொன்னீங்கள்?"

"இண்டைக்கு நம்பினனான். நம்பாட்டி நிக்க ஏலாது பிள்ளை. ஒரு நிமிசம் எண்டது சரியெண்டா, படம் வந்தும் நீர் காட்டேல்லை, அப்ப என்ர பிள்ளை இல்லை. நீர் சொன்னது சரியெண்டா இன்னும் நேரம் கிடக்கு. நான் நேரம் இருக்கிற பக்கத்தில நிண்டனான்."

அவரைக் கைபிடித்து உள்ளே கூட்டி வந்தேன். சனம் கோயில் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவருடைய மனைவி மட்டும் என் கதிரையில் இருந்து, திரைக்கு மிகக் கிட்டவாக முகத்தை வைத்து மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாரிசுக்கு மகளிடம் கோல் எடுத்துச் சொல்லவேண்டும். அதற்கு லைன் வேண்டும். இணையத்தை நிறுத்துவதற்காக மவுசில் கையை வைத்தேன். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"லைனை வெட்டாதையும் பிள்ளை. வெட்டினா அவன் போயிடுவான்."

"இல்லை மாமி. முழுக்க வந்து சேந்திட்டார். இனி லைன் தேவையில்லை."

அவர் கையை விடவில்லை. சம்மாட்டியார் கிட்டப் போய் மனைவியின் தோளைத் தொட்டு, "வெட்டட்டும், பயப்பிடாதையும்," என்றார். நான் அழுத்தினேன். மூலையில் மினுங்கிக்கொண்டிருந்த இரண்டு குட்டிக் கணினிகளும் மறைந்தன. அந்த அம்மா கண்களை இறுக்கி மூடி, பிறகு மெல்லத் திறந்து பார்த்தார். அவன் அங்கேயே இருந்தான்.