விடுமுறைக்கு வந்த மகள்

அந்த வட்டாரத்தில் அவரை லிஃப்டுக்காரர் என்றால்தான் தெரியும். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால், கிரீஸ் படிந்த பையோடு வந்து நிற்பார். "என் தொழில்ல மட்டும்தாங்க மேல போனவன் திரும்பி வருவான்" என்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்களைச் சிரிக்க வைத்தபடியே கதவை நெம்புவார்.

மனைவி நர்ஸ். மகளுக்கு நான்கு வயதானபோது மனைவிக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. குழந்தையோடு கிளம்பினாள். இவரும் பின்னால் போவதாகத்தான் பேச்சு. ஆனால் இவருடைய சான்றிதழ் அங்கே செல்லாது என்றார்கள். அங்கே போய்த் தரை துடைக்க இவருக்கு மனம் வரவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டதிலேயே ஐந்து வருடம் ஓடிவிட்டது.

ஒருநாள் அவள் போனில் சொன்னாள்: "நீங்க வரமாட்டீங்க. நானும் திரும்ப மாட்டேன். இத இன்னும் இழுக்க வேணாம்."

அங்கேயே விவாகரத்துக்கு மனுப் போட்டாள். ஆனாலும் அந்த விடுமுறைக்கு மகளை அப்பாவிடம் அனுப்பி வைத்தாள்.

விமான நிலையத்தில் மகள் ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அக்கா, வீட்டுக்கு வந்ததும் தம்பியைத் தனியே இழுத்தாள்.

"கேஸு முடிஞ்சா புள்ள முகத்தக்கூடப் பாக்க விடமாட்டாங்கடா. கையில இருக்கும்போதே புடிச்சு வச்சுக்க."

"அவ அம்மா துடிச்சுப் போயிடுவாக்கா."

"நீ துடிக்கிறத அவ பாத்தாளா?"

மகள் திரும்ப வேண்டிய வாரத்தில் அவர் அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்துப் போய், ஒரு பழைய கட்டடத்தின் மொட்டைமாடியில் இருந்த லிஃப்ட் மோட்டார் அறையில், சுவிட்சுப் பெட்டிக்குப் பின்னால் செருகினார். மனைவியிடம் "காணோம்" என்றார். மகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தார்.

முதலில் மகளுக்கு எல்லாம் வேடிக்கையாக இருந்தது. போகப்போகப் பேச்சு குறைந்தது. படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். விரிப்பைத் தானே அலசிக் குளியலறைக் கம்பியில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் பள்ளிக்குக் கிளம்புவாள். ஒரு மாலை கேட்டாள்:

"அப்பா, என் பாஸ்போர்ட் தொலைஞ்சுதா? நீ ஒளிச்சு வச்சியா?"

"தொலைஞ்சு போச்சும்மா."

அவள் காய்ந்த விரிப்பை எடுத்து மடித்தாள். பிறகு கேட்கவே இல்லை.

மனைவி வந்து இங்கே வழக்குப் போட்டாள். இவருடைய வக்கீலம்மா ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "புள்ள எந்த நாட்டுல வளர்ந்துச்சோ அந்த நாட்டுக் கோர்ட்டுதான் அது யார்கிட்ட இருக்கணும்னு சொல்லும். திருப்பி அனுப்பணுமா வேணாமான்னு மட்டும்தான் இங்க பாப்பாங்க. உங்க வீட்டப் பங்கு பிரிக்கிறது வேற கேஸு. அது இங்க இருக்கு, ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. பாஸ்போர்ட் எங்கங்க?"

"காணோம்மா."

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்காதீங்க. அப்புறம் நான் சொல்றது எதுவும் எடுபடாது."

நீதிபதி மகளைத் தன் அறைக்குள் அழைத்துத் தனியாகப் பேசினார். வெளியே வந்து இவரைப் பார்த்தார். "உங்க பொண்ணு உங்கமேல உயிரையே வச்சிருக்கா. 'அப்பா ரொம்ப நல்லவரு, ஆனா என்கிட்ட பொய் சொல்றாரு'ன்னு சொன்னா."

லிஃப்டுக்காரர் எழுந்து நின்றார். "நாளைக்குக் கொண்டுவந்துடுறேன் ஐயா" என்றார்.

தாழ்வாரத்தில் மனைவி அவர் எதிரே வந்து நின்றாள். "எல்லா லீவுக்கும் உங்ககிட்ட அனுப்பறதாத்தான் இருந்தேன். இனிமே எந்தக் கோர்ட்டு விடும்?"

விடவில்லை. மறுநாள் அவர் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்; மகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி இங்கே தீர்ப்பானது. அந்த நாட்டு நீதிமன்றம் மகளை அம்மாவிடம் ஒப்படைத்தது. இங்கே அனுப்பக் கூடாது என்றும் தடை போட்டது. வாரம் ஒருமுறை வீடியோவில் பேசலாம். அப்போது குழந்தைகள் நல அதிகாரி ஒருவர் கூடவே இருப்பார்.

வீட்டில் மனைவியின் பங்கைத் தானே வாங்கிக்கொள்ள நினைத்தார். வங்கி கைவிரித்தது. வீடு விற்பனைக்கு வந்தது. பார்க்க வந்த பெண், சிறிய அறைக் கதவைத் திறந்து, "இது குழந்தைங்க ரூமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, சாமான் போட்டு வச்சிருந்தோம்" என்றார்.

ஒற்றை அறைக்குக் குடிபோனார். அக்காவோடு சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் இருவருமே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதை நிறுத்திவிட்டார்கள்.

அதிகாரிக்குப் புரியும் மொழியில்தான் மகளோடு பேச வேண்டும் என்பது அங்கே விதி. இவருக்கோ அந்த மொழியில் வணக்கமும் நன்றியும்தான் தெரியும். முதல் சில வாரங்கள் அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தே நேரத்தைக் கழித்தார்கள். பிறகு அவர் மாலை வகுப்பில் சேர்ந்தார். வெளிநாடு போகக் காத்திருக்கும் இளம் நர்சுகளுக்கு நடுவே, நரைத்த மீசையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வினைச்சொற்களை மனப்பாடம் செய்தார்.

அடுத்த ஆண்டு ஒரு வாரம், முதன்முதலாகத் தவறில்லாமல் சொல்லி முடித்தார்: "பாஸ்போர்ட் தொலையவில்லை. நான்தான் ஒளித்து வைத்தேன். உன்னிடம் பொய் சொன்னேன்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும்ப்பா" என்று தமிழில் சொன்னாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். உடனே அவள் மொழியை மாற்றிக்கொண்டு, பள்ளியில் நீச்சல் கற்றுக்கொள்வதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். இவருக்குப் பாதி புரிந்தது. மீதியைக் கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.