மெய்யா, சேர்?

கடந்த வெள்ளிக்கிழமை காலை, உடப்பு ஊரின் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது கற்பிட்டியிலிருந்து பரீதா அழைத்தாள். சுற்றி வளைக்கவில்லை. “டீச்சர், மஜீது சேர் மவுத்தாகிட்டார். சுபஹுத் தொழுகைக்குப் பொறகு, நெஞ்சு வலி” என்றாள். இப்படியா ஒரு சாவுச் செய்தியைத் தலையில் போடுவது என்று எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்த பிறகுதான், அவளுக்கு வேறு எப்படிச் சொல்ல வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

கற்பிட்டியில் கடலை ஒட்டிய பள்ளிக்கூடமொன்றில் நானும் மஜீது சேரும் ஒன்பது வருடம் படிப்பித்தோம். நான் தமிழ், அவர் ஆங்கிலம். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து ஒரு பையோடு வந்த குடும்பம் அவருடையது. “வீடு போச்சு, வள்ளம் போச்சு, டீச்சர். வாயை மட்டும் விட்டுட்டுப் போகச் சொல்லல்ல” என்பார். அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், ஒரு கேள்வி கேட்டால் மூன்று கதை சொல்லாமல் மனிதர் எழும்பவிடமாட்டார்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், பண்டைய உலகத்துப் போர்ப் படமொன்றைப் பள்ளிக்கூட மண்டபத்தில் போட ஏற்பாடு செய்தார். வரலாற்றுப் பாடத்தில் வருகிற கப்பல்களைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். பெற்றோரும் வந்துவிட்டார்கள். படம் ஆங்கிலம், கீழே சிங்கள எழுத்து. மஜீது சேர் திரைக்குப் பக்கத்தில் நின்று வரிக்கு வரி தமிழில் சொன்னார். “மொழிபெயர்க்கிறவன் பாதிப் படம் எடுத்தவன்” என்பது அவருடைய பெருமை. மீதிப் பாதியையும் நீங்களே எடுத்துவிடுவீர்கள் என்று நான் கேலி செய்வதுண்டு.

அன்று தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கடுமை. மண்டபத்துத் தகரக்கூரை அடித்துக்கொண்டே இருந்தது. மீன்பிடிக்கப் போய் விடியற்காலை வரவேண்டிய வள்ளமொன்று வரவில்லை. அதில் போன மூன்று பேரில் பரீதாவின் கணவன் ரிபாயியும் ஒருவன். தேடப் போயிருந்தார்கள். செய்தி வந்தால் மஜீது சேரின் போனுக்குத்தான் வரும். கரையில் நின்று நின்று கால் ஓய்ந்து, பரீதா மண்டபத்துக்குள் வந்து இரண்டாவது வரிசையில் இருந்தாள்.

திரையில் கப்பல்கள் மோதத் தொடங்கின. பின்னாலிருந்த சுலைமான் நாநா, “சேர், கொடி தெக்க பறக்குது, பாய் வடக்க உப்பியிருக்கு. இது எந்தக் காத்து?” என்று கேட்டார். “அது சினிமாக் காத்து, நாநா” என்றார் மஜீது சேர். எல்லாரும் சிரித்தார்கள், பரீதாவைத் தவிர.

நான் எழுந்துபோய், படத்தை நிறுத்துங்கள் என்று அவர் காதில் சொன்னேன். “நிப்பாட்டினா, நான் கெட்ட செய்தி சொன்ன மாதிரி ஆகிடும், டீச்சர்” என்றார். அவர் கழுத்தெல்லாம் வியர்வை.

கப்பற்படைத் தலைவனின் கப்பல் எரிந்தது. பாய்மரம் முறிந்து விழ, அவன் தண்ணீருக்குள் போனான். மேலே வரவில்லை.

“சேர், அவன் மவுத்தா?” என்று கேட்டாள் பரீதா.

“இல்ல. கரையேறிட்டான். பின்னுக்கு வருவான்.”

“மெய்யா, சேர்?”

“மெய்தான்.”

அதற்குப் பிறகு அந்த மனிதர் பட்ட பாடு சொல்லி முடியாது. தலைவனின் மனைவி தலைவிரித்து அழுதாள். “சந்தோசத்துல அழுறா” என்றார். யாரும் சிரிக்கவில்லை. முடிவில் வெற்றி ஊர்வலம் வந்தது. தாடி வைத்த யாரோ ஒருவனைக் காட்டி, “அந்தா, வந்திட்டான்” என்றார்.

“அது வேற ஆள், சேர்” என்றாள் பரீதா மெதுவாக. “அவனுக்கு இடக்கன்னத்துல வெட்டு இருந்திச்சு.”

அப்போதுதான் போன் அடித்தது. வெளியே ஓடினார். திரும்பி வரும்போது ஒரு காலில் செருப்பில்லை. “பரீதா, இஞ்சின் பழுதாம். பெரிய போட் ஒண்டு கட்டி இழுத்து வந்திரிக்கு. மூணு பேரும் கரையேறிட்டாங்க.”

அதே சொல். பரீதா எழும்பவில்லை. முன்னாலிருந்த கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மெய்யா, சேர்?”

“வல்லாஹி, மெய்தான்” என்று ஆணையிட்டார்.

“படத்துலயும் இப்பிடித்தான் சொன்னீங்க.”

போனை அவளிடம் நீட்டினார். தொடர்பு அறுந்திருந்தது. மறுபடி அழைத்தார், போகவில்லை. அவள் அழவுமில்லை, அசையவுமில்லை. அவளைக் குறை சொல்ல நான் யார்? ஒன்பது வருடம் பழகிய எனக்கும் அந்த நிமிடம் அவர் பேச்சில் நம்பிக்கை வரவில்லை. இதை அவர் இருக்கும்போது அவரிடம் சொன்னதில்லை. இப்போது சொல்லி என்ன.

இறங்குதுறையில் ரிபாயியின் முகத்தைத் தன் கண்ணால் கண்ட பிறகுதான் அவள் மணலில் விழுந்து அழுதாள். மஜீது சேர் கூட்டத்தோடு சேராமல் தள்ளி நின்றார். “நல்ல செய்திதான் கொண்டு வந்தேன், டீச்சர். வாங்க ஆளில்ல” என்றார்.

அன்றோடு கதை சொல்வதை அவர் விடவில்லை, அது அவரால் ஆகாது. ஆனால் நடந்தது எது, தான் கட்டியது எது என்று பிரித்துச் சொல்லப் பழகினார். தெரியாத ஆங்கிலச் சொல் வந்தால் வகுப்பில் நின்று “தெரியாது” என்றார். இரண்டு வருடம் கழித்து பரீதாவின் உம்மா ஆஸ்பத்திரியில் காலமானபோது, சொல்லத் தயங்கியவர்களை விலக்கிவிட்டு அவரே அவள் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று, “பரீதா, உம்மா மவுத்தாகிட்டாங்க” என்றார். அவள் “மெய்யா?” என்று கேட்கவில்லையாம். அதை என்னிடம் இரண்டு தரம் சொன்னார்.

கடந்த வெள்ளி, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மஜீது சேரின் உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். முன்பக்கம் ரிபாயி தோள் கொடுத்திருந்தான். பெண்களோடு நின்ற பரீதா என் கையைப் பிடித்து, “டீச்சர், காலையில போன்ல பட்டெண்டு சொல்லிட்டேனா?” என்று கேட்டாள்.

ஓம் என்றேன். உள்ளதை உள்ளபடி சொல்வது, மஜீது சேரிடமிருந்து எங்கள் இருவருக்கும் மிஞ்சியது அதுதான். அவள் சொன்னபோது, “மெய்யா?” என்று கேட்க என் வாய் எழவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது ஆசையாக இருக்கிறது.