நான் போட்டுக் கொடுத்த கோடு

என் வீட்டுக்காரர் பெங்களூர் சிவாஜிநகரில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கும் கடையில் வேலை பார்த்தார். வேலை விட்டதும் நேராக பிரௌசிங் சென்டர். இன்டர்நெட்டில் யாரோ புதிர் போட்டிருந்தார்கள். ஒன்றை அவிழ்த்தால் அடுத்த பக்கம் திறக்குமாம். யார் போட்டது, எதற்குப் போட்டது, ஒருவருக்கும் தெரியாது. கடைசி வரை போகிறவனை அவர்களே கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று இவர் நம்பினார்.

ஒரு பக்கத்தில் மாட்டிக்கொண்டார். மூன்று மாதம். சோறு இறங்கவில்லை. அந்தப் பக்கத்தை அவர் பிரின்ட் எடுத்து வைத்திருந்த தாளை ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தேன். முழுக்கப் புள்ளி. இடையிடையே இங்கிலீஷ் எழுத்து.

“இது சிக்குக் கோலமுங்க.”

“நீ ஏழாவது ஃபெயிலு. சும்மா இரு.”

“கோலத்துக்கு எதுக்கு ஏழாவது? பென்சிலக் குடுங்க.”

கையை எடுக்காமல் ஒரே கோடாகப் புள்ளிகளைச் சுற்றி வந்தேன். கோடு தொட்ட எழுத்துகளை அவர் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தார். முகம் மாறியது.

“எங்கடீ இருந்த இத்தன நாளா?”

அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க முடியாது.

நாலாம் நாள் பையில் இரண்டு சட்டை எடுத்து வைத்தார்.

“கூப்ட்டுட்டாங்க. ரெண்டு நாள்ல வந்துடுவேன்.”

ஊர் பேர் சொல்லவில்லை. நானும் அழுத்திக் கேட்கவில்லை. அவர் வரவில்லை.

ஸ்டேஷனில் தாளைக் காட்டினேன். ஏட்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னம்மா இது, ரங்கோலியா?” என்று பக்கத்தில் இருந்தவருக்கும் காட்டிச் சிரித்தார். கோடு போட்டது யார் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிரௌசிங் சென்டர் நடத்தும் பாய் அதே எழுத்துகளை அடித்துப் பார்த்தார். பக்கமே இல்லை.

“எடுத்துட்டாங்கம்மா. யாரோ வெளாட்டுக்குப் பண்ணது.”

“வெளாட்டுன்னா, முடிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பணுமில்ல பாய்?”

அவர் அந்த எழுத்துகளை இன்னொரு தடவை அடித்துப் பார்த்தார்.

ஏழு வருஷம் ஆகிறது. போன மாதம் ரேஷன் கார்டுக்குப் பெயர் எழுத வீட்டுக்கு வந்த பெண், “யஜமான்ரு?” என்று கன்னடத்தில் கேட்டாள். வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று அர்த்தம். இருக்கிறார் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் பேனாவைப் பிடித்தபடி நின்றாள்.

அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததை எழுதச் சொன்னேன்.