மீசைக்கு ஒரு ட்யூப்

தாராவியில் எங்கள் சந்து மெடிக்கலில் படை, சொறிக்கும் அதே ட்யூப், பருவுக்கும் அதே ட்யூப். முகம் கலராகும் என்று நானும் வாங்கிப் பூசினேன். முதலில் நல்ல பளபளப்பு. பிறகு கன்னம் சிவந்து எரிந்தது, மேலுதட்டில் பூனைமுடி முளைத்தது. மாட்டுங்கா தோல் டாக்டர் திட்டித் தீர்த்தார். அது ஸ்டீராய்டாம். தினமும் முகத்தில் பூசினால் தோல் மெலியும், முடி வளரும் என்றார். துணைக்கு வந்த தம்பியின் காதில் விழுந்தது அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான்.

முப்பதை நெருங்கியும் அவனுக்கு மீசை முளைக்கவில்லை. மாப்பிள்ளை ஸ்கூல் பையன் மாதிரி இருக்கிறான் என்று இரண்டு வீட்டில் தட்டிக் கழித்துவிட்டார்கள். அடுத்தது செம்பூர்ப் பெண். போட்டோவைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பெண்ணின் அப்பாவுக்கோ மீசை காதுவரை. நான் குப்பையில் போட்ட ட்யூபை எடுத்து, மூக்குக்குக் கீழே தினமும் பூசியிருக்கிறான்.

பெண் பார்க்கப் போகிற காலையில் அவன் வாயைப் பொத்தியிருந்த கைக்குட்டையைப் பிடுங்கினேன். மீசை வரவேண்டிய இடத்தில், மீசை வடிவத்திலேயே சிவப்புப் பரு.

"ஏலே, என்னல பண்ணி வச்சிருக்க?"

"டாக்டர்தானக்கா சொன்னாரு, முடி வளரும்னு."

"எனக்குல்லா வளந்திச்சி."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. செம்பூரில் பெண்ணின் அப்பா தன் மீசையைத் தடவியபடி தம்பியின் மூக்குக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி காலித் தம்ளரை உதட்டிலிருந்து இறக்கவே இல்லை.

பெண் வந்தாள். பவுடருக்கு அடியில் இருந்த சிவப்பு எனக்குத் தெரிந்த சிவப்பு. என் தம்ளரை வைக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போனேன். பின்னாலேயே வந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அவியளும் என்னைய மாதிரி அந்த மெடிக்கல் ட்யூபா?"

"ஆமா. மீசைக்கு."

சிரித்தாள். சிரித்தபோதே கண் கலங்கிவிட்டது. "பூசுறத விட்டா எரியுதுக்கா. என் மூஞ்சி எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துட்டு."

சிவந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தவள் நான். "டாக்டரப் பாரு. எனக்கு ஆறிட்டுல்லா" என்றேன்.

நாங்கள் கூடத்துக்குத் திரும்பியதும் அவள் அப்பா தொண்டையைக் கனைத்தார். "மாப்பிள்ளைக்கு மீசை..."

"அது வரும்போது வரட்டும்பா. எனக்கும் மூஞ்சி ஆறணும்" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்த டாக்டர்ட்ட என்னையும் கூட்டிட்டுப் போவியளா, மைனி?"

அடுக்களையில் அக்கா, கூடத்தில் நாத்தனார் முறை. தம்பி அப்போதுதான் தம்ளரை இறக்கினான்.